டெர்மினலில் எழுத்து உடைந்து தெரிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில்) தமிழ் கட்டமாக வருகிறது, கேள்விக்குறியாக வருகிறது, புள்ளி தள்ளிப்போய் நிற்கிறது என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னாலும், கொஞ்சம் விசாரித்தால் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். லாங், எல்சி_ஆல் போன்ற சூழல் மாறிகளுக்கு (நிரல்கள் பார்த்து நடக்கும் அமைப்பு மதிப்புகளுக்கு) பெரிய எழுத்து, கட்டளைகளுக்குச் சிறிய எழுத்து.

தமிழ் ஃபைலைத் திறந்தா என்னென்னமோ வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. ஃபைலில் இருப்பது வெறும் எண்கள். அங்கிருந்து உங்கள் கண்ணுக்கு வருவதற்குள் நிரல், லொகேல் (மொழி, எழுத்து பற்றிய அமைப்பு), இணைப்பு, டெர்மினல், எழுத்துரு என்று ஐந்து கை மாறுகிறது, அதில் ஏதோ ஒரு கை தப்பாக வாசித்திருக்கிறது. எந்தக் கை என்று தெரியும்வரை ஃபைலைத் தொடாதீர்கள். அவசரப்பட்டு மாற்றிச் சேமிப்பதில்தான் நல்ல ஃபைல்கள் நிஜமாகவே கெட்டுப்போகின்றன. பல வருடக் குறிப்புகளை நான் அப்படித்தான் இழந்தேன், அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

திரையில் என்ன தெரிகிறது என்பதே பாதி விடை. வெற்றுக் கட்டங்கள் என்றால் எழுத்துரு மட்டும்தான் இல்லை, மற்ற எல்லாம் சரி. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி வரிசையாக வந்தால் யுடிஎஃப்-8 முறையில் எழுதிய பைட்டுகளை யாரோ லத்தீன்-1 அல்லது விண்டோஸ்-1252 என்ற பழைய ஐரோப்பிய முறை என்று நினைத்து வாசிக்கிறார்கள். கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி என்றால் யுடிஎஃப்-8 எதிர்பார்த்த இடத்தில் வேறு ஏதோ வந்திருக்கிறது. சாதாரணக் கேள்விக்குறிதான் யோசிக்க வேண்டியது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

யுடிஎஃப்-8, யூனிகோட் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. யூனிகோட் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கிறது. அந்த எண்ணை எப்படி பைட்டுகளாக எழுதுவது என்பது குறியாக்கம், யுடிஎஃப்-8 அதில் ஒரு முறை. தமிழுக்கு யூனிகோடில் 2944 முதல் 3071 வரை இடம், அதில் அ என்பது 2949. அதையே யுடிஎஃப்-8 மூன்று பைட்டுகளாக, 224 174 133 என்று எழுதும். விண்டோஸில் சில நிரல்கள் யுடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையில் எழுதும், அதில் அதே அ இரண்டே பைட், 133 11. எழுத்து ஒன்றுதான், எழுதும் விதம் வேறு.

யுடிஎஃப்-8ஐ 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் பிளான் 9 இயங்குதளத்துக்காக வடிவமைத்தார்கள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பழைய ஆஸ்கி குறியாக்கத்து ஃபைல்கள் ஒரு பைட் கூட மாறாமல் அதில் அப்படியே செல்லும். இந்த நல்ல குணமே பிரச்சினையை மறைத்தும் வைக்கிறது. ஆங்கிலம் மட்டும் இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும், முதல் தமிழ் எழுத்து வந்ததும் உடையும்.

ஃபைல்ல உண்மையில என்ன இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?

ஓடி -டி யூ1 என்று போட்டு ஃபைல் பெயரைக் கொடுங்கள். பைட்டுகள் சாதாரண எண்களாக வரும் (இடது ஓரத்தில் இருப்பது அந்த வரி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற கணக்கு, அதை விட்டுவிடலாம்). 224 174, 224 175 என்று தொடங்கும் மும்மூன்று எண்களாக இருந்தால் அது ஒழுங்கான யுடிஎஃப்-8 தமிழ், ஃபைலில் குறை இல்லை. தொடக்கத்தில் 255 254 இருந்தால் யுடிஎஃப்-16. விண்டோஸின் பழைய பவர்ஷெல் 5.1இல் வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் இப்படித்தான் வரும். 63, 63, 63 என்று வந்தால் அவை நிஜமான கேள்விக்குறிகள்.

எழுத்தைப் பார்த்து ஊகிக்காமல் பைட்டைப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டாலே இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிக் கேள்விகள் உங்களுக்குத் தேவைப்படாது.

லாங், எல்சி_சிடைப், எல்சி_ஆல்... எதைத்தான் செட் பண்றது?

லொகேல் என்பது நிரல்களுக்கு நீங்கள் கொடுக்கும் ஒரு குறிப்பு: எந்தக் குறியாக்கம், எந்த மொழியில் செய்தி, தேதி எப்படி, வரிசை எப்படி. எல்சி_சிடைப் குறியாக்கத்துக்கு, எல்சி_மெசேஜஸ் செய்திகளுக்கு, எல்சி_கொலேட் வரிசைக்கு என்று தனித்தனி மாறிகள் உண்டு. எதையும் தனியாகச் சொல்லாவிட்டால் லாங் மதிப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். எல்சி_ஆல் வைத்தால் அது மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அதனால் நிரந்தரமாக லாங் மட்டும் வையுங்கள். எல்சி_ஆல் ஒரு கட்டளைக்கு மட்டும் தற்காலிகமாகப் போடுவதற்கு. அதை ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) தொடக்க ஃபைலில் எழுதிவிட்டு மறந்துபோய், வேறு எதை மாற்றினாலும் ஏன் எதுவும் நடக்கவில்லை என்று நாள்கணக்கில் தேடியவர்கள் நிறைய.

இப்போது என்ன நடப்பில் இருக்கிறது என்று பார்க்க லொகேல் என்று மட்டும் தட்டினால் போதும். எல்சி_சிடைப் வரியில் யுடிஎஃப்-8 என்ற சொல் இருக்க வேண்டும். வெறும் சி என்றோ போசிக்ஸ் என்றோ (இரண்டும் ஆங்கிலம் மட்டுமே அறிந்த அடிப்படை லொகேல்) இருந்தால் உங்கள் வில்லங்கம் அங்கேதான்.

தமிழ் தெரியணும்னா டிஏ_ஐஎன்ங்கிற தமிழ் லொகேல் போட்டாகணுமா?

வேண்டாம். இது நிறையப் பேரிடம் இருக்கும் தவறான எண்ணம். ஈஎன்_யூஎஸ்.யுடிஎஃப்-8 இருந்தாலும், சி.யுடிஎஃப்-8 இருந்தாலும் தமிழ் தெரியும். குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆக இருப்பதுதான் முக்கியம், முன்னால் எந்த மொழி என்பது எழுத்து தெரிவதற்குத் தேவையில்லை. தமிழ் லொகேல் வைத்தால் மொழிபெயர்ப்பு உள்ள நிரல்களின் செய்திகளும் தேதியும் தமிழில் வரும், அது வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள்.

லொகேல மாத்த முடியலன்னு ஒவ்வொரு தடவையும் வார்னிங் வருது

நீங்கள் கேட்ட லொகேல் அந்தக் கணினியில் உருவாக்கப்படவில்லை, விஷயம் அவ்வளவுதான். லொகேல் -ஏ என்று தட்டினால் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் வரும். டெபியன், உபுண்டுவில் /ஈடிசி/லொகேல்.ஜென் ஃபைலில் வேண்டிய வரிக்கு முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட்டு லொகேல்-ஜென் ஓட்டுங்கள். ஃபெடோரா வகையறாவில் ஜிலிப்சி-லாங்பேக் என்று தொடங்கும் பொதி ஒவ்வொரு மொழிக்கும் தனியாக இருக்கிறது. பட்டியலில் யுடிஎஃப்8 என்று கோடில்லாமல் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், லினக்ஸில் இரண்டு விதமாக எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்.

ஒன்றையும் நிறுவ அனுமதி இல்லாத சர்வர் என்றால் லாங் மதிப்பாக சி.யுடிஎஃப்-8 வைத்துப் பாருங்கள். டெபியனில் பல காலமாக இருக்கிறது, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் 2.35 முதல் எல்லோருக்குமே வந்துவிட்டது.

என் மெஷின்ல நல்லா இருக்கு, எஸ்எஸ்எச் போட்டு சர்வருக்குப் போனா உடையுது. ஏன்?

பல கணினிகளில் எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் வழி) உங்கள் லாங், எல்சி_ மாறிகளைக் கூடவே சர்வருக்கு எடுத்துச் செல்லும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. உங்களிடம் இருக்கும் லொகேல் அங்கே இல்லையென்றால் மேலே சொன்ன அதே வார்னிங் வரும், நிரல்கள் சி லொகேலுக்கு இறங்கிவிடும். மேக்கிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி: அங்கிருந்து எல்சி_சிடைப் மதிப்பு வெறும் யுடிஎஃப்-8 என்று மட்டும் போகும், மொழிப் பெயரே இல்லாமல். லினக்ஸுக்கு அது புரியாது. மேக் டெர்மினல் அமைப்புகளில், தொடக்கத்தில் லொகேல் மாறிகளை அமைக்கும் விருப்பத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

சர்வர் சரி, லொகேல் சரி, ஆனாலும் உடைகிறது என்றால் உங்கள் பக்கத்து டெர்மினலைப் பாருங்கள். விண்டோஸிலிருந்து எஸ்எஸ்எச் செய்யும் புட்டி நிரலில் விண்டோ பகுதிக்குள் டிரான்ஸ்லேஷன் என்ற இடத்தில் ரிமோட் கேரக்டர் செட் யுடிஎஃப்-8 ஆக இருக்கிறதா? விண்டோஸின் பழைய கன்சோல் என்றால் சிஎச்சிபி 65001 தட்ட வேண்டும்.

கையால ஓட்டினா வருது, கிரான்லயும் கன்டெய்னர்லயும் ஓட்டினா எரர்

கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) உங்கள் ஷெல் தொடக்க ஃபைல்களைப் படிப்பதில்லை. கன்டெய்னர் (நிரலைத் தனியாகப் பொதிந்து ஓட்டும் பெட்டி) இமேஜ்கள் பலவற்றில் லாங் என்ற மாறியே இருக்காது. இரண்டு இடத்திலும் நீங்கள் சொல்லாவிட்டால் பெரும்பாலும் சி லொகேல்தான் கிடைக்கும். கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபின் முதல் வரியிலும் கன்டெய்னர் வரையறை ஃபைலிலும் லாங் மதிப்பை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பைத்தான் 3.7 முதல் சி லொகேலைப் பார்த்தால் தானாகவே யுடிஎஃப்-8க்கு மாறிக்கொள்கிறது, அதனால் பைத்தானில் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. மற்ற நிரல்களை அப்படி நம்ப முடியாது.

டீமக்ஸுக்குள்ள போனா மட்டும் எழுத்துக்குப் பதிலா அடிக்கோடு வருது

டீமக்ஸ் (ஒரே டெர்மினலுக்குள் பல திரைகளை நடத்தும் நிரல்) தொடங்கும்போது எல்சி_ஆல், எல்சி_சிடைப், லாங் என்ற வரிசையில் பார்த்து, முதலில் கிடைக்கும் மதிப்பில் யுடிஎஃப்-8 என்ற சொல் இல்லாவிட்டால் டெர்மினலுக்கு அது தெரியாது என்று முடிவு செய்து, அடிக்கோடுகளாக மாற்றிக் காட்டுகிறது. லொகேலைச் சரி செய்துவிட்டு, வெளியே வந்து மறுபடி இணையுங்கள். உடனே பார்க்க வேண்டுமென்றால் டீமக்ஸ் -யூ.

கிட்ல தமிழ் ஃபைல் பேரு 340, 256னு நம்பரா வருது

அவை எட்டடிமான எண்கள், அதாவது பத்துக்குப் பதில் எட்டை வைத்து எழுதியவை. 340 என்பது நமக்குப் பழக்கமான 224, 256 என்பது 174, அதாவது மூன்றாவது கேள்வியில் பார்த்த அதே பைட்டுகள். பெயர் கெடவில்லை, கிட் (ஃபைல் மாற்றங்களைப் பதிவு வைக்கும் நிரல்) பத்திரமாகக் காட்டுகிறேன் என்று அப்படி எழுதுகிறது. கோர்.கோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், தமிழாகவே வரும். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் இப்படி வந்தால் அது லொகேல் பிரச்சினை. ஃபைலைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் நிரலில் கூர் அடைப்புக்குள் எண்கள் வந்தாலும் அதேதான்.

திடீர்னு எல்லா எழுத்தும் கோடும் மூலையுமா ஆயிடுச்சு, தட்டுறது எதுவும் புரியல

உரை அல்லாத ஏதோ ஒரு பைனரி ஃபைலை கேட் கட்டளையால் திரையில் கொட்டியிருப்பீர்கள். அதில் 14 என்ற பைட் இருந்தால் டெர்மினல் மாற்று எழுத்துத் தொகுதிக்குத் தாவிவிடும், பிறகு சிறிய ஆங்கில எழுத்துகளெல்லாம் கட்டம் வரையும் கோடுகளாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரீசெட் என்று தட்டி எண்டர் அடியுங்கள், திரும்பிவிடும். குறியாக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கட்டம் போயிடுச்சு, எழுத்து வருது, ஆனா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்

இங்கேதான் டெர்மினல் நம் எழுத்துக்கு உண்மையிலேயே சிரமம் தருகிறது. கெ என்பதை யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறோம். கொம்பை முன்னால் கொண்டுபோய் வரைவது எழுத்தை உருவமைக்கும் மென்பொருளின் வேலை. உலாவியும் ஆவணச் செயலியும் அதைச் செய்துவிடுகின்றன. டெர்மினலோ திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று வளர்ந்த கருவி, அதனால் பல டெர்மினல்கள் இந்த உருவமைப்பைச் செய்வதே இல்லை, அல்லது அரைகுறையாகச் செய்கின்றன.

அகலக் கணக்கும் இடிக்கிறது. யூனிகோட் வகைப்பாட்டில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் எடுக்காத குறிகள், காலும் இகரக் குறியும் இடம் எடுக்கும் குறிகள். அந்த வகைப்பாட்டை அப்படியே பின்பற்றும் டெர்மினலில் கி இரண்டு கட்டம், கீ ஒரே கட்டம். எழுத்துருவில் கீ அகலமான எழுத்து, அது அடுத்த கட்டத்தின் மேல் ஏறி உட்காரும். கர்சர் எழுத்துக்கு நடுவில் நிற்பதும், பேக்ஸ்பேஸ் அடித்தால் பாதி எழுத்து திரையில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதனால்தான். சேமிக்கும் ஃபைல் சரியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

என்ன செய்யலாம்? டெர்மினலை மாற்றிப் பாருங்கள். எம்எல்டெர்ம் பல மொழி எழுத்துகளை மனதில் வைத்தே எழுதப்பட்டது, இந்திய எழுத்துகளும் அதில் அடக்கம், என் முதல் பரிந்துரை அதுதான். கொன்சோல் என்ற டெர்மினலும் பல இடங்களில் பரவாயில்லை. நீளமான தமிழ் உரையைத் திருத்த வேண்டும் என்றால் டெர்மினலை விட்டு வெளியே வந்து வரைகலை எடிட்டரில் திருத்துங்கள். பிடிவாதம் பிடித்தால் கண்தான் வலிக்கும்.

கிராஃபிக்ஸ் எதுவும் இல்லாத லினக்ஸ் கன்சோல்ல தமிழ் வரவழைக்க முடியுமா?

அந்தக் கன்சோலில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களைத்தான் ஏற்ற முடியும், மேலே சொன்ன உருவமைப்பும் கிடையாது. லொகேல் சரியாக இருந்தாலும் அங்கே கட்டங்கள்தான் வரும். வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து பார்ப்பதே சுலபம்.

‘தமிழ்’னு மூணு எழுத்து. டபிள்யூசி 15ங்குது, ஒரு ஆப்ஷன் மாத்தினா 5ங்குது. எது சரி?

டபிள்யூசி என்பது எண்ணிச் சொல்லும் கட்டளை. அதன் 15, 5, உங்கள் 3 என்று எல்லாக் கணக்குமே சரி. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் கணக்கில் ஐந்து, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. டபிள்யூசி -சி பைட்டை எண்ணும், -எம் யூனிகோட் எண்களை எண்ணும் (சி லொகேலில் இருந்தால் அதுவும் 15 என்றே சொல்லும்). எக்கோ வழியாக அனுப்பினால் வரி முடிவுக்கு ஒன்று கூடும். நாம் பார்க்கும் மூன்று எழுத்து இந்த இரண்டிலும் வராது. இதை மறந்துவிட்டு பத்து எழுத்தோடு வெட்டு என்று நிரல் எழுதினால் புள்ளியும் காலும் அந்தரத்தில் தொங்கும்.

சார்ட் பண்ணினா அகராதி வரிசையில வரமாட்டேங்குது

சி, சி.யுடிஎஃப்-8 லொகேல்களில் வரிசை என்பது வெறும் எண் வரிசை. யூனிகோடில் ன என்பது ந பக்கத்திலேயே இருக்கிறது, ற என்பது ர பக்கத்தில், புள்ளி வைத்த க் என்பது க எழுத்துக்குப் பின்னால். நம் நெடுங்கணக்கு இது இல்லை. வரிசைக்குத்தான் தமிழ் லொகேல் உண்மையிலேயே உதவும். எல்சி_கொலேட் மட்டும் அதற்கு மாற்றினால் போதும், மற்றவை அப்படியே இருக்கட்டும்.

நிரலுக்கு நிரல் கைமாற்றும் ஃபைல்களுக்கு நேர் எதிர் அறிவுரை. அங்கே எல்சி_ஆல் மதிப்பை சி ஆக வைத்தே சார்ட் செய்யுங்கள். ஒரு லொகேலில் அடுக்கியதை இன்னொரு லொகேலில், இரண்டு ஃபைல்களைச் சேர்க்கும் ஜாயின் கட்டளைக்குக் கொடுத்தால் வரிசை தவறு என்று அடம்பிடிக்கும். ஜெர்மன் போன்ற லொகேல்களில் தசமப் புள்ளியே காற்புள்ளியாக மாறிவிடுவதால் எண் கணக்கு செய்யும் ஸ்கிரிப்டுகளுக்கும் இதே அறிவுரைதான்.

கண்ணு முன்னாடி ‘கொடி’ இருக்கு, கிரெப் இல்லைங்குது!

ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதினால் 224 175 138. கொம்பு, கால் என்று பிரித்து எழுதினால் 224 175 134 224 174 190. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், திரையிலும் வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடும் கட்டளையான கிரெப் பைட்டைத்தான் ஒப்பிடும். கோ, கௌ எல்லாவற்றுக்கும் இதே கதை. பழைய மேக் ஃபைல் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ், ஃபைல் பெயர்களைப் பிரித்தே சேமித்ததால் அங்கிருந்து வந்த பெயர்களில் இது சகஜம்.

ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் தீர்வு. என்எஃப்சி என்பது சேர்த்து எழுதும் வடிவம், அதையே பழக்கமாக்குங்கள். உரைக்கு யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி, ஃபைல் பெயர்களுக்கு கான்வ்எம்வி. கௌ விஷயத்தில் இன்னொன்று உண்டு: சிலர் கெ தட்டிவிட்டு பக்கத்தில் ள எழுத்தைத் தட்டியிருப்பார்கள். பார்க்க அதே மாதிரி இருந்தாலும் அது வேறு எழுத்து, எந்தக் கருவியும் தானாகச் சரி செய்யாது, தேடித் திருத்த வேண்டியதுதான்.

ஸ்கிரிப்ட் அச்சு அசலா சரியா இருக்கு, முதல் வரியிலயே எரர்

பைட்டைப் பாருங்கள். தொடக்கத்தில் 239 187 191 இருக்கிறதா? சில எடிட்டர்கள் யுடிஎஃப்-8 என்பதற்கு அடையாளமாக முன்னால் வைக்கும் குறி அது, கண்ணுக்குத் தெரியாது. லினக்ஸ் ஸ்கிரிப்டின் முதல் இரண்டு பைட் # மற்றும் ! ஆக இருந்தால்தான் எந்த நிரலால் ஓட்டுவது என்று கண்டுகொள்ளும், இந்தக் குறி குறுக்கே நின்றுவிடுகிறது. வரி முடிவில் 13 இருந்தால் விண்டோஸ் வரிமுடிவு. டாஸ்2யூனிக்ஸ் இரண்டையும் ஒரே தடவையில் எடுத்துவிடும்.

பழைய தமிழ் ஃபைல்கள், பாமினி, டிஸ்கி எல்லாம் இருக்கு. ஐகான்வ் மாத்துமா?

டிஸ்கி ஒரு பழைய தமிழ்க் குறியாக்கம், அதை மாற்றும். லினக்ஸில் குறியாக்கம் மாற்றும் கட்டளையான ஐகான்வுக்கு அந்தப் பெயர் தெரியும், -எஃப் டிஎஸ்சிஐஐ -டி யுடிஎஃப்-8 என்று கொடுங்கள். பாமினி அப்படி இல்லை. அது குறியாக்கமே அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்த எழுத்துரு. ஃபைலில் இருப்பது சாதாரண ஆங்கில எழுத்துகள்தான். அதற்கென்று எழுதிய மாற்றிகளைத்தான் பயன்படுத்த வேண்டும், நடுவில் நிஜமான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாகிவிடும், ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.

யாரோ தப்பா சேவ் பண்ணிட்டாங்க. இனிமே மீட்க முடியுமா?

பைட் சொல்லும். 63 மட்டுமே வரிசையாக இருந்தாலோ, டைமண்ட் கேள்விக்குறியின் பைட்டுகளான 239 191 189 மட்டும் திரும்பத் திரும்ப வந்தாலோ மூலம் போய்விட்டது, பழைய பிரதியைத் தேடுங்கள். 195 160 194 174 என்று ஆரம்பிக்கும் வரிசை வந்தால் நல்ல செய்தி: யுடிஎஃப்-8ஐ விண்டோஸ்-1252 என்று தப்பாக வாசித்து மறுபடி யுடிஎஃப்-8 ஆக எழுதியிருக்கிறார்கள். ஐகான்வில் -எஃப் யுடிஎஃப்-8 -டி விண்டோஸ்-1252 கொடுத்து ஒரு படி பின்னால் போகலாம்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. நம் புள்ளியின் கடைசி பைட் 141, ஏ 143, ஐ 144. அதனால் முதல் புள்ளி எழுத்திலேயே ஐகான்வ் நின்றுவிடலாம். அப்போது எஃப்டிஎஃப்ஒய் என்ற பைத்தான் நூலகத்தில் ஸ்லாப்பி-விண்டோஸ்-1252 என்றொரு குறியாக்கம் இருக்கிறது, அந்தக் காலி இடங்களை அப்படியே கடத்திவிடும். எப்போதும் நகலில் மட்டும் செய்யுங்கள். முடிந்ததும் மறுபடி ஓடி போட்டு, 224 175 141 வர வேண்டிய இடங்களில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பழையதை நீக்குங்கள்.